யாழ் இல்லாத காலத்தில் யாழ் தேடியவர்



போன வருஷம் திருமுறை ஓதும் போட்டிக்காக எங்கள் வட்டாரப் பிள்ளைகளைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தோம். தேவாரம் சொல்லிக்கொடுக்க ஓர் ஓதுவார் ஐயா வருவார். எனக்குக் கொஞ்சம் கீபோர்டு வாசிக்கத் தெரியும் என்பதால் பிள்ளைகளுக்குச் சுருதி எடுத்துக்கொடுக்கிற வேலை என்னிடம் வந்தது. இரண்டு வகுப்புவரை பொறுத்துப் பார்த்த ஐயா, மூன்றாம் வகுப்பில் கீபோர்டை அணைத்துவிட்டுச் சுருதிப் பெட்டியை மட்டும் போடச் சொல்லிவிட்டார். கீபோர்டில் வரும் காந்தாரம் சரியில்லை, பிள்ளைகள் அதைக் கேட்டுக் கெட்டுப்போகிறார்கள் என்பது அவர் கருத்து.

எனக்கு உள்ளுக்குள் கோபம்தான். நான் மின்பொறியியல் படிக்கிறவன். கைப்பேசியில் இருக்கும் டியூனர் செயலியில் வைத்துப் பார்த்தேன். எல்லா ஸ்வரமும் முள் நடுவில் அழகாக நிற்கிறது. கருவி சரி என்கிறது, ஐயாவின் காது தப்பு என்கிறது. யாரை நம்புவது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போன இடத்தில்தான் விபுலாநந்த அடிகளைச் சந்தித்தேன். அதற்கு முன் எனக்கு அவரைத் தெரியாதா என்றால், தெரியும். இறைவன் கேட்கும் மலர் எது என்று சொல்லும் அவருடைய பாட்டைத் தமிழ்ப்பள்ளியில் பாடியிருக்கிறேன். அவ்வளவுதான். அவர் ஓர் அறிவியல் ஆசிரியர், ராமகிருஷ்ண மடத்துத் துறவி, தமிழ்ப் பேராசிரியர் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அழிந்துபோன ஒரு வாத்தியத்தை ஏட்டிலிருந்தும் கணக்கிலிருந்தும் திரும்ப எழுப்பப் பார்த்த மனிதர் அவர். அவர் வாழ்க்கையை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். நடுவில் கொஞ்சம் கணக்கும் வரும், பயப்படாதீங்க.

கண்ணகி ஊர்ப் பிள்ளை

இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்புக்குத் தெற்கே காரைதீவு என்று ஓர் ஊர். அங்கே 1892 மார்ச் 27-ஆம் தேதி சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் மயில்வாகனம்.

அந்த ஊரில் கண்ணகி அம்மன் கோயில் உண்டு. கிழக்கிலங்கைத் தமிழர்களுக்குக் கண்ணகி, பாடப் புத்தகத்தில் வரும் கதாபாத்திரம் இல்லை. வைகாசி மாதம் வந்தால் சடங்கு செய்து கும்பிடுகிற தாய். இன்னொரு பொருத்தம் பாருங்க. உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரையோடு அச்சில் கொண்டுவந்ததும் அதே 1892-ஆம் வருஷம்தான். பிற்காலத்தில் அந்தப் புத்தகத்தின் இசைப் பகுதிகளைத்தான் இந்தப் பிள்ளை வருஷக்கணக்கில் உட்கார்ந்து பிரித்துப் படிக்கப் போகிறது.

மயில்வாகனம் ஊரில் தமிழ் படித்து, கல்முனையிலும் மட்டக்களப்பிலும் ஆங்கிலம் படித்தார். 1908-இல், பதினாறு வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் தேறினார். அதன்பின் ஆசிரியர் வேலை, ஆசிரியர் பயிற்சி, கொழும்பு. 1916-ஆம் வருஷம் அவர் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் அறிவியல் டிப்ளோமா வாங்கினார். அதே வருஷம் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் தேறினார். ஒரு பக்கம் ஆய்வுக்கூடம், இன்னொரு பக்கம் தொல்காப்பியமும் சங்க இலக்கியமும். நம்மில் பலர் எஸ்பிஎம்மில் தமிழ் இலக்கியம் எடுப்பதா, இன்னொரு அறிவியல் பாடம் எடுப்பதா என்று வீட்டில் சண்டை போட்டவர்கள். அவர் அந்தச் சண்டையே போடவில்லை.

பிறகு யாழ்ப்பாணத்தில் புனித பத்திரிசியார் கல்லூரியில் அறிவியல் ஆசிரியர். 1920-இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டம். மானிப்பாய் இந்துக் கல்லூரியில் தலைமை ஆசிரியர். வயது முப்பதைத் தொடவில்லை, பட்டம் இருக்கிறது, பதவி இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு குடும்பத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் அவர் 1922-இல் சென்னை மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். பிரபோத சைதன்யர் என்ற பெயரில் பிரம்மசாரியாக இருந்து, 1924-இல் ஸ்ரீ ராமகிருஷ்ணரின் நேர்ச் சீடரான சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் பெற்றார். அன்றுமுதல் சுவாமி விபுலாநந்தர். தமிழ் உலகம் அவரை அடிகளார் என்றே அழைக்கிறது.

துறவி ஆனவர் ஒதுங்கிப் போய் உட்காரவில்லை. மடத்தின் தமிழ்ப் பத்திரிகையான ராமகிருஷ்ண விஜயத்துக்கு ஆசிரியராக இருந்தார். 1925-இல் இலங்கை திரும்பி ராமகிருஷ்ண மிஷன் பள்ளிகளைப் பார்த்துக்கொண்டார். மட்டக்களப்பு கல்லடி உப்போடையில், தம் குருவின் பெயரால் 1929-இல் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். ஏழைப் பிள்ளைகளுக்கு இடமும் சோறும் படிப்பும் கொடுப்பதுதான் அவருக்குப் பூஜை.

இல்லாத வாத்தியம்

1931-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1933 வரை இருந்தார். யாழ் அவரைப் பிடித்துக்கொண்டது அந்த நாட்களில்தான்.

நிலைமை என்னவென்றால், சங்கப் பாட்டில் எங்கே திரும்பினாலும் யாழ் இருக்கிறது. பாணர் கையில் யாழ், கோயிலில் யாழ், கோவலன் கையில் யாழ், மாதவி கையில் யாழ். பேரியாழுக்கு 21 நரம்பு, சகோட யாழுக்கு 14, செங்கோட்டி யாழுக்கு 7 என்று கணக்கெல்லாம் இருக்கிறது. ஆனால் வாசிக்கக் கையில் ஒன்றுகூட இல்லை. வீணை வந்தபின் யாழ் போய்விட்டது. செய்யத் தெரிந்த ஆசாரி இல்லை, மீட்டத் தெரிந்த பாணர் இல்லை. பெயர் மட்டும் மிச்சம்.

இந்த மாதிரி நேரத்தில் நாம் வழக்கமாக என்ன செய்வோம்? மேடையில் ஏறி, உலகத்துக்கே இசை தந்தவன் தமிழன் என்று முழங்குவோம், கைதட்டு வாங்குவோம், வீட்டுக்குப் போய்விடுவோம். அடிகளார் அப்படிச் செய்யவில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் அதன் பழைய உரைகளையும் எடுத்துக்கொண்டு, பழைய சிற்பங்களைப் பார்த்து, ஒவ்வொரு நரம்பும் எவ்வளவு உயரத்தில் ஒலித்திருக்கும் என்று கணக்குப் போட உட்கார்ந்தார். ஒரு இயற்பியல் ஆசிரியரால்தான் அப்படி உட்கார முடியும்.

அந்த உரைகளில் இசைக்கென்று தனி மொழி இருக்கிறது. ஏழு ஸ்வரத்துக்கும் தமிழ்ப் பெயர் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். இன்று நாம் ச, ரி, க, ம, ப, த, நி என்கிறோம். ஸ்வரத்துக்கே நரம்பு என்றுதான் பெயர். ஒரு நரம்போடு இன்னொன்று சேர்ந்து ஒலிக்கும்போது எப்படி இருக்கும் என்பதற்கு அவர்கள் வைத்த பேரைக் கேளுங்க. ஐந்தாம் நரம்பு கிளை, அதாவது உறவுக்காரன். நான்காம் நரம்பு நட்பு. மூன்றாவதும் ஆறாவதும் பகை. இரண்டு ஒலிகள் ஒத்துப்போவதையும் முட்டிக்கொள்வதையும் சொந்தபந்தக் கணக்கில் வைத்திருக்கிறார்கள்!

காது கேட்பது என்ன

இது வெறும் கவிதைப் பேச்சா, அல்லது இதற்குள் இயற்பியல் இருக்கிறதா? கொஞ்சம் பார்ப்போம்.

ஒரு நரம்பு விநாடிக்கு 200 தடவை அதிர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 200-இல் மட்டும் ஒலிப்பதில்லை. கூடவே 400, 600, 800, 1000 என்று மெல்லிய ஒலிகளும் அதற்குள் இருக்கும். இப்போது 300 தடவை அதிரும் இன்னொரு நரம்பைச் சேர்த்து மீட்டுங்க. அதற்குள் 600, 900, 1200 இருக்கும். இரண்டுக்கும் 600 பொது. அங்கே இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. 3-க்கு 2 என்ற இந்த உறவுதான் ச-வும் ப-வும், குரலும் இளியும். உறவுக்காரன் என்று பேர் வைத்தது சும்மா இல்லை. நான்காம் நரம்பான உழைக்கு உறவு 4-க்கு 3. அதுவும் சின்ன எண்தான், அதனால் நட்பு.

இப்போது என் கீபோர்டுக்கு வருவோம். கீபோர்டு ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டியிருக்கிறது. எந்தக் கட்டையிலிருந்து ஆரம்பித்தாலும் ஒரே மாதிரி வாசிக்க அது வசதி. ஆனால் அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. 200-க்கு அது கொடுக்கும் ப 300 இல்லை, 299.66. வித்தியாசம் கொஞ்சம்தான், மூன்று விநாடிக்கு இரண்டு தடவை ஒலி மெதுவாக ஏறி இறங்கும். யாரும் கவனிக்க மாட்டார்கள். காந்தாரத்தில்தான் மாட்டிக்கொள்கிறது. சுத்தமான காந்தாரம் 5-க்கு 4, அதாவது 250. கீபோர்டு தருவது ஏறக்குறைய 252. சின்ன விஷயம் மாதிரிதான் தெரியும். ஆனால் குரலின் ஐந்தாம் மடங்கு 1000. கீபோர்டு காந்தாரத்தின் நான்காம் மடங்கு 1008. இரண்டும் ஒட்டாமல் விநாடிக்கு எட்டுத் தடவை மோதும். சுருதிப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த நடுக்கம் தெளிவாகக் கேட்கும்.

என் டியூனர் பொய் சொல்லவில்லை. கீபோர்டு சரியாகச் செய்யப்பட்டதா என்றுதான் அது பார்க்கிறது. ஒலி ஒலியோடு சேர்கிறதா என்று பார்த்தது ஓதுவார் ஐயாவின் காது. அந்த வகுப்பில் அளவு தப்பாமல் அளந்தது அவர்தான், வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

22 அலகு

அடிகளார் இறங்கிய சண்டைக் களம் இதைவிடக் கடினமானது. பழைய நூல்கள் ஒரு ஸ்தாயிக்குள் 22 அலகு உண்டு என்கின்றன. சுருதி என்று சொல்வதும் இதைத்தான். குரலுக்கு 4, துத்தத்துக்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்துக்கு 2. கூட்டினால் 22. ஆனால் இந்த அலகு என்பது எவ்வளவு? எல்லாம் ஒரே அளவா?

அவருக்கு முன்பே தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் இந்தக் கேள்வியில் வாழ்நாளைச் செலவழித்தவர். 1917-இல் வெளிவந்த தம் கருணாமிர்த சாகரத்தில், 22 அல்ல, 24 சம பங்குகளே சரி என்று வாதாடினார். அது சின்ன உழைப்பு இல்லை. தமிழிசை ஆராய்ச்சிக்குப் பாதை போட்டவர் அவர். அடிகளார் அந்த முடிவோடு போகவில்லை. 22 என்று மூல நூல் சொல்வதை வைத்துக்கொண்டு, அதற்கு இசையும் கணக்கும் பொருந்துமா என்று பார்த்தார்.

நானும் ஒரு ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். ஒரு ஸ்தாயியை 1200 சென்ட் என்று அளப்பது இன்றைய வழக்கம். அந்த அளவில் சுத்தமான இளி 702 சென்ட். 22 அலகையும் சமமாக வெட்டினால், பதின்மூன்றாம் அலகில் நிற்கும் இளி 709-க்குப் போய்விடும். கிளை நரம்பு கெட்டுப்போகும். 24 சம பங்காக வெட்டினால் 700, அதாவது கீபோர்டின் அதே ப. ஆகவே 22 என்ற எண்ணும் வேண்டும், சுத்தமான இளியும் வேண்டும் என்றால், அலகுகள் சமமாக இருக்க முடியாது. சில பெரிது, சில சிறிது. காது கேட்கும் உறவுதான் முதலில். எண்ணிக்கை அதற்குப் பின்னால்தான் வரும்.

இன்னொரு கணக்கும் போட்டேன். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. உரையாசிரியர்கள் நரம்பு பிறக்கும் வரிசை ஒன்றையும் சொல்கிறார்கள். தாரத்திலிருந்து உழை, உழையிலிருந்து குரல், குரலிலிருந்து இளி, இளியிலிருந்து துத்தம், துத்தத்திலிருந்து விளரி, விளரியிலிருந்து கைக்கிளை. ஒவ்வொன்றும் முந்தியதற்கு ஐந்தாம் நரம்பு. இப்படி 3-க்கு 2 என்று பெருக்கிக்கொண்டே போனால், கைக்கிளை 81-க்கு 64 என்று வரும். ஆனால் அலகுகளை ஒவ்வொரு நரம்புக்கும் முன்னுள்ள இடைவெளியாக எடுத்துக் கூட்டினால் கைக்கிளை ஏழாம் அலகில் நிற்கும். அந்த இடத்துக்கு இன்று சொல்லப்படும் அளவு 5-க்கு 4, அதாவது 80-க்கு 64. ஓர் அலகு வித்தியாசம். விளரியிலும் இதே கதை. ஒரு வழியில் 27-க்கு 16, இன்னொரு வழியில் 5-க்கு 3. மற்ற ஐந்து நரம்பும் இரண்டு கணக்கிலும் ஒரே இடத்தில் நிற்கின்றன.

கவனிச்சீங்களா? ஒத்துவராதவை கைக்கிளையும் விளரியும் மட்டும்தான். குரலுக்கு மூன்றாவதும் ஆறாவதும். பழையவர்கள் பகை என்று பேர் வைத்த அதே இரண்டு இடங்கள்!

இது தற்செயலாகவும் இருக்கலாம். ஒரு ராத்திரிக் கணக்கை வைத்து நான் எதையும் நிரூபித்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, இந்த உரைகளுக்குள் ஏன் ஒரு மனிதர் பதினான்கு வருஷம் இருந்தார் என்று. 81-க்கும் 80-க்கும் நடுவில் இருக்கும் அந்த மயிரிழை இடைவெளியைக் காதால் பிரித்துக் கேட்டவர்கள் நம் பாணர்கள். அவர்களை நாம் புகழ்ந்து பேசினால் போதுமா, அவர்கள் கேட்டதை நாமும் கேட்க வேண்டாமா?

நாற்பது நாள் மிச்சம்

பேராசிரியர் பதவியை விட்டபின்னும் அடிகளார் யாழை விடவில்லை. பள்ளி நிர்வாகம் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். 1936-இல் சென்னையில் அறிவியல் கலைச்சொல் ஆக்கத்துக்காகக் கூடிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். இன்று நாம் தமிழில் அறிவியல் எழுதுகிறோம் என்றால் அந்த மாதிரி உழைப்புதான் அடித்தளம். பிறகு இமயமலையில் மாயாவதி ஆசிரமத்துக்குப் போய் பிரபுத்த பாரதம் என்ற ஆங்கிலப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தார். பனிமலையில் இருந்துகொண்டும் யாழ்க் கணக்கு. 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். உடம்பு தளர்ந்துகொண்டே வந்தது. வேலை நிற்கவில்லை.

மட்டக்களப்பு வாவியில் நிலாக் காலத்து இரவில் நீருக்கடியிலிருந்து இசை போல ஓர் ஒலி கேட்கும் என்பார்கள். மீன்பாடும் தேன்நாடு என்று அந்த ஊருக்குப் பேர் வந்ததே அதனால்தான். அடிகளார் அந்த ஒலியை நீரில் வாழும் மகளிர் பாடுவதாகக் கற்பனை செய்து நீரர மகளிர் என்ற பாட்டை எழுதினார். கணக்குப் போடும் அதே மூளைக்குள் ஊரின் வாவியும் ஒலித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

கடைசியில் யாழ் நூல் முடிந்தது. யாழின் உறுப்புகள், இசை நரம்புகள், பாலைத் திரிபு, பண்கள், தேவாரம் என்று ஏழு இயல்கள். பாலைத் திரிபு என்பது, ஒரே யாழில் குரலை ஒவ்வொரு நரம்புக்கும் மாற்றி மாற்றி வைத்து, செம்பாலை முதல் மேற்செம்பாலை வரை ஏழு பாலைகளைப் பிறப்பிக்கும் முறை. செம்பாலை இன்றைய அரிகாம்போதி என்பது பலரும் ஏற்ற கருத்து. நம் ராகங்களின் வேர் எங்கே இருக்கிறது என்பதற்கு அந்த இயல் ஒரு வரைபடம்.

தஞ்சாவூர்க் கரந்தைத் தமிழ்ச் சங்கம் நூலை வெளியிட்டது. அரங்கேற்றம் 1947 ஜூன் 5, 6 தேதிகளில் திருக்கொள்ளம்பூதூரில் நடந்தது. வெள்ளத்தில் ஓடம் செலுத்த ஆளில்லாதபோது திருஞானசம்பந்தர் பதிகம் பாடியே ஆற்றைக் கடந்தார் என்று சொல்லப்படும் தலம் அது. அடிகளார் கணக்குப்படி செய்யப்பட்ட யாழ்கள் ஊர்வலமாக வந்தன. பல நூற்றாண்டுக்குப் பிறகு யாழ் என்ற பெயருக்கு ஓர் ஒலி கிடைத்தது. அதைக் கேட்ட அந்தக் கூட்டத்தில் நானும் இருந்திருக்கக்கூடாதா என்று எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

அதன்பின் அவருக்கு மிச்சமிருந்தது நாற்பது நாள் சொச்சம்தான். 1947 ஜூலை 19-ஆம் தேதி கொழும்பில் மறைந்தார். வயது 55. கல்லடி உப்போடையில், அவர் எழுப்பிய சிவானந்த வித்தியாலயத்து மண்ணிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். நான் தமிழ்ப்பள்ளியில் பாடிய அந்த மலர்ப் பாட்டு அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது.

யாழ் முறிந்த இடம்

முடிக்கும் முன் நமக்கெல்லாம் தெரிந்த ஒரு கதை. திருஞானசம்பந்தரோடு ஊர் ஊராகப் போய் அவர் பதிகங்களை யாழில் இட்டு வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரத்தில் பாணரின் உறவினர்கள், பதிகத்துக்குப் பெருமையே பாணரின் யாழால்தான் என்று பேச, பாணர் மனம் வருந்திச் சம்பந்தரிடம் முறையிட்டார். யாழில் அடங்காத ஒரு பண்ணில் சம்பந்தர் பாடினார். பாணர் முயன்றார், முடியவில்லை. யாழை உடைக்கவே போனார். சம்பந்தர் தடுத்து, யாழை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அந்தப் பண்ணுக்கு யாழ்முரி என்று பேர்.

சின்ன வயதில் இதை அதிசயக் கதையாகக் கேட்டேன். இப்போது வேறு மாதிரி கேட்கிறது. யாழில் ஒரு நரம்புக்கு ஓர் ஒலி. மனிதத் தொண்டைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. இரண்டு நரம்புக்கு நடுவிலும் அது நடந்து போகும். எந்தக் கருவிக்கும் ஓர் எல்லை உண்டு என்று பாணருக்கு அன்றைக்குத் தெரிந்தது. என் கீபோர்டு விஷயத்தில் எனக்கும் தெரிந்தது, ஆயிரம் வருஷத்துக்கும் மேல் தாமதமாக.

ஆனாலும் சம்பந்தர் யாழை உடைக்கவிடவில்லை பாருங்க. குறை தெரிந்தாலும் கருவி கையில் இருக்கட்டும், பாட்டு தொடரட்டும் என்று விட்டார். அடிகளார் வாழ்க்கையிலும் எனக்குத் தெரிவது அதுதான். நம் பழைய நூலையும் அவர் தூக்கி எறியவில்லை, புதிய அறிவியலையும் தூக்கி எறியவில்லை. பழையது சொல்வதைப் புதியதால் அளந்தார். அளக்கப்படுவதால் பழையது அசிங்கப்பட்டுவிடும் என்று அவர் பயப்படவே இல்லை. உண்மையான பக்திக்கு அந்தப் பயம் எதற்கு?

இந்த வருஷப் போட்டிக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். கீபோர்டை வீட்டிலேயே வைத்துவிட்டேன். சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு ஐயா முதலில் ச பிடிக்கச் சொல்கிறார், பிறகு ப. ஒரு சின்னப் பெண் போன வாரம் ப-வைப் பிடிக்கத் தடுமாறினாள். கொஞ்சம் கீழே, கொஞ்சம் மேலே என்று தேடினாள். திடீரென்று நடுக்கம் நின்று, அவள் குரலும் பெட்டியின் ஒலியும் ஒன்றாகிப்போனது. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு. அவளுக்கு 3-க்கு 2 தெரியாது.

நீங்களும் ஒரு நாள் முயற்சி செய்து பாருங்க. வீட்டில் எல்லாரும் தூங்கியபின் சுருதிச் செயலியைப் போட்டுவிட்டு, கண்ணை மூடி, ப-வை மெதுவாகத் தேடுங்க. கிடைத்ததும் உங்களுக்கே தெரியும். பிறகு காந்தாரத்தைத் தேடுங்க. அதற்குக் கொஞ்சம் நேரம் ஆகும்.